மழை ஊரில் மொறுமொறு வடை: றொசல்லயிலிருந்து ஒரு செய்முறையும் சில கணக்குகளும்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ஏறும் புகையிரதம் வட்டவளையைத் தாண்டி ஹட்டனை எட்டுவதற்கு முன்னால் றொசல்ல என்ற சின்ன நிலையம் வரும். சுற்றிலும் தேயிலை. பயணிகள் பலருக்கு இந்த நிலையத்தின் பெயர் நினைவில் நிற்பதில்லை. ஆனால் இந்தப் பாதையில் கூடையோடு ஏறி, பெட்டி பெட்டியாக நடந்து விற்கும் வடைக்காரர்களை யாரும் மறப்பதில்லை. "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்ற அந்தக் குரல் மலையகப் பாதையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

அந்த வடையை வீட்டில் சுடுவது பற்றியது இந்தக் கட்டுரை. இறால் வடையை விட்டுவிடலாம். மலையகத்தில் அது வெளியூர்ப் பண்டம். நான் பேசப் போவது பருப்பு வடையைப் பற்றி. கடலைப் பருப்பை அரைகுறையாக அரைத்து, தட்டி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் மொறுமொறு வடை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதைக் கடலை வடை என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மசால் வடை என்றால் ஏறத்தாழ இதுதான்.

இதற்கு ஏன் றொசல்ல? மொறுமொறுப்பு என்பது அடிப்படையில் ஈரமின்மை. றொசல்லயோ இலங்கையின் மிக ஈரமான பகுதிகளில் ஒன்று. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் உடுப்புக் காயாது, உப்புக் கட்டிபடும், பிஸ்கட் பக்கற்றைப் பிரித்து வைத்தால் மாலைக்குள் நமுத்துப் போகும். இந்த ஊரில் ஒரு வடையை மொறுமொறுப்பாகச் சுடத் தெரிந்தவர் எந்த ஊரிலும் சுடலாம்.

வடைக்குக் கிடைத்த குடியுரிமை

வடை பழைய பண்டம். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் எழுதப்பட்ட 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருத நூலின் உணவுப் பகுதியிலேயே பருப்பை ஊறவைத்து அரைத்துப் பொரிக்கும் 'வடகம்' வருகிறது. அந்தக் காலத்து வடையில் மிளகாய் இருந்திருக்காது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பக்கம் வந்தது. காரத்துக்கு மிளகும் இஞ்சியும்தான்.

இலங்கைக்கு வடை தோட்டத் தொழிலாளரோடு மட்டும் வந்தது என்று சொல்வதற்கில்லை. வடக்கு, கிழக்கிலும் வடை உண்டு. கோயில் வடைமாலை உண்டு. கொழும்பில் இந்திய வணிகர்களின் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. ஆனால் மலைநாட்டுப் பாதைகளில் வடை இத்தனை சாதாரணமான பண்டமாக இருப்பதற்கு, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் கொண்டுவரப்பட்ட மக்கள் இங்கே வாழ்வது முக்கியமான காரணம். 1823இலிருந்து கணக்கிட்டு 2023இல் 'மலையகம் 200' நினைவுகூரப்பட்டபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அந்தப் பழைய பாதையைத்தான் மறுபடியும் மிதித்தார்கள். புகையிரதம் ஹட்டனுக்கு வந்தது 1884இல். பதுளையை எட்டியது 1924இல். அந்தப் பாதையையும் வெட்டி அமைத்ததில் இந்த மக்களின் கைகள் உண்டு.

1948இன் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதியது. மிச்சமிருந்த நாடற்றோரின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இந்த இடைக்காலம் முழுவதும் 'வடே' சிங்களத்தில் ஒரு சாதாரணச் சொல்லாகவே இருந்தது. காலிமுகத்திடலில் இறாலோடு விற்றபோது யாரும் அதனிடம் அத்தாட்சிப் பத்திரம் கேட்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் தின்பண்டத்தை ஏற்றுக்கொள்வதும் அந்த மக்களை ஏற்றுக்கொள்வதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது?

அரைத்த பருப்பு உருண்டையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அதைச் சூடான எண்ணெயில் போட்டவுடன் மேற்பரப்பில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே சீறும். வடையைச் சுற்றி எழும் குமிழிகள் எண்ணெய் கொதிப்பதால் வருவன அல்ல. வடைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும்போது வருபவை. ஆவி உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் பெரிதாக உள்ளே போக முடியாது.

மேலே உள்ள படலம் காய்ந்ததும் அதன் சூடு 100 பாகையைத் தாண்டும். 140 பாகையை அண்மிக்கும்போது பருப்பின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகி அந்த மணத்தைத் தரும். உள்ளே இன்னும் ஈரம் இருப்பதால் அங்கே சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. வெளியே காய்ந்த ஓடு, உள்ளே வெந்த பருப்பு. பல் படும்போது உடையும் அந்த ஓடுதான் மொறுமொறுப்பு.

வடை எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் சட்டியில் அல்ல, வெளியே எடுத்த பிறகு. வடை ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கும். வெளியே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே எடுத்த கையோடு எண்ணெயை வடிய விடுவது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல. உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

செய்முறை

நான் இதைக் கற்றது றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறித்துவிட்டு வந்து மாலையில் வடை சுடும் ஓர் அக்காவிடம். அளவுகளை அவர் கையால் சொன்னார்; நான் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டேன். ஏறத்தாழ 20 சின்ன வடைகளுக்கு:

கடலைப் பருப்பு 250 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், செத்தல் மிளகாய் 4 அல்லது 5, பச்சை மிளகாய் 2, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, விரல் நுனியளவு இஞ்சி, இரண்டு நெட்டுக் கறிவேப்பிலை, அளவாக உப்பு, பொரிக்க எண்ணெய்.

முதலாவது, ஊறவைத்தல். பருப்பைக் கழுவி, மூழ்கும்படி தண்ணீர் விட்டு, சூடான ஊர்களில் இரண்டு மணி நேரம், மலைநாட்டுக் குளிரில் மூன்று முதல் நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். குளிர்ந்த தண்ணீர் பருப்புக்குள் மெதுவாகவே இறங்கும். ஒரு பருப்பை எடுத்து நகத்தால் அழுத்தினால் 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் கூடுதலாக ஊறிவிட்டது. "ஊறுனா போதும் தம்பி, ஊறிப்போயிறக் கூடாது" என்றார் அக்கா.

காலையில் பெரட்டுக்குப் போய் மாலை திரும்புகிறவர்களுக்கு இது சிக்கல். நாள் முழுக்க ஊறினால் வடை மொறுமொறுப்பாக வராது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. காலையில் ஊறப் போட்டுவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு வரும்போது தண்ணீரை வடித்து மூடி வைக்கலாம். ஊறிய பருப்பு அதற்குமேல் தண்ணீர் குடிக்காமல் மாலை வரை இருக்கும். அல்லது மாலையில் வந்ததும் கொதிநீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைக்கலாம். கொழும்பில் அலுவலக வேலை செய்பவர்களுக்கும் இரண்டாவது வழி உதவும்.

இரண்டாவது, வடித்தல். வடிதட்டில் குறைந்தது 15 நிமிடம் வையுங்கள். பலர் தவறவிடும் படி இது. பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீரும் அரைக்கும்போது மாவில் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, அரைத்தல். இரண்டு கைப்பிடி பருப்பைத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்தைச் செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், இஞ்சியுடன் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். அம்மியில் அரைப்பவர்களுக்கு இது தானாக அமையும். மிக்சியில் அரைப்பவர்கள் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும்; தொடர்ந்து ஓடவிட்டால் அடியில் களியும் மேலே முழுப் பருப்பும்தான் கிடைக்கும். "தண்ணி ஊத்துனீங்கன்னா வடை எண்ணெயக் குடிச்சிரும்" என்பது அக்காவின் எச்சரிக்கை. மேலே சொன்ன ஆவிக் கணக்கு அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது: தண்ணீர் கூடினால் ஓடு காய நேரமாகும், ஆவி போன இடைவெளிகள் கூடும், ஆறும்போது அந்த இடைவெளிகளில் எண்ணெய் நிறையும்.

நான்காவது, சேர்த்தல். எடுத்து வைத்த முழுப் பருப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். உப்பை மட்டும் சட்டி அடுப்பில் ஏறிய பிறகு போடுங்கள். உப்பு வெங்காயத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். முன்கூட்டியே போட்டால் பத்து நிமிடத்தில் மா இளகிவிடும். அப்படி இளகினால் ஒரு மேசைக்கரண்டி அரிசி மா சேர்க்கலாம். கோதுமை மா வேண்டாம். அதிலுள்ள பசைப்புரதம் வடையை இழுபடும் பண்டமாக்கும். சுட்ட கொஞ்ச நேரத்திலேயே நமுக்கவும் செய்யும்.

ஐந்தாவது, தட்டுதல். தேசிக்காய் அளவு உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தட்டுங்கள். நடுவில் சுண்டுவிரல் தடிப்பு இருக்கலாம், ஓரம் மெலிந்து வெடித்திருக்க வேண்டும். ஓரத்தைத் தடவி வழுவழுப்பாக்க வேண்டாம். வெடிப்புகளும் துருத்தி நிற்கும் முழுப் பருப்புகளும்தான் முதலில் காய்ந்து மொறுமொறுக்கும்.

ஆறாவது, பொரித்தல். சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு எண்ணெய் இருந்தால் போதும். மிளகளவு மாவைப் போட்டால் அது அடியில் போய் இரண்டு மூன்று விநாடிகளில் மேலே வர வேண்டும். உடனே மேலே வந்து கறுத்தால் சூடு அதிகம். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. ஒரு தடவைக்கு நான்கைந்து வடைதான். கூடுதலாகப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். போட்டதும் கரண்டியால் கிளற வேண்டாம்; ஓடு பிடிக்க ஒரு நிமிடம் கொடுத்துவிட்டுத் திருப்புங்கள். ஐந்தாறு நிமிடத்தில் குமிழிகள் அடங்கும், சீறும் சத்தம் மெலியும். தண்ணீர் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது எடுங்கள்.

ஏழாவது, வடியவிடுதல். கண்ணுள்ள வடிதட்டில் வடைகளை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ சூட்டோடு டப்பாவில் மூடினாலோ அவற்றின் ஆவியே அவற்றை நனைத்துவிடும்.

நாலாயிரம் அடி உயரத்தில்

மலைநாட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு. உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும். தண்ணீர் கொதிக்கும் சூடும் குறையும். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 96 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் 94க்குக் கிட்ட. மலையில் பருப்புக் கறி அவியக் கூடுதல் நேரமும் விறகும் ஆவது இதனால்தான்.

வடையிலும் இது தெரியும். உள்ளே இருக்கும் ஈரம் 96 பாகையிலேயே ஆவியாகிவிடுவதால், நடுப்பகுதி அதற்கு மேல் சூடேறாது. ஆகவே வேக நேரமெடுக்கும். எண்ணெயின் சூடோ கடற்கரையில் இருப்பது போலவே ஏறும். விளைவு, வெளியே சிவந்துவிடும், உள்ளே பச்சைப் பருப்பு வாசம் நிற்கும். உயரமான இடங்களில் பொரிப்பதற்குச் சமையல் அறிவியலார் தரும் பொது விதி, ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் எண்ணெயின் சூட்டை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு பாகை குறைத்து, நேரத்தைக் கூட்டுவது. கொழும்பில் 175 பாகையில் சுடும் வடையை ஹட்டனில் 168 அளவில் ஒரு நிமிடம் கூடுதலாக விட்டுச் சுட வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் இதைச் செய்யும் வழி எளிது: எண்ணெய் காய்ந்ததும் ஒரு விறகை வெளியே இழுத்துவிடுவது. றொசல்ல அக்கா செய்ததும் அதுதான்.

மழை நாளில் காற்றிலிருக்கும் ஈரத்தை வடையின் ஓடு உறிஞ்சும். அதற்கும் ஒரு வழி உண்டு: இரண்டு தடவை பொரிப்பது. முதலில் வெளிர்ப் பொன்னிறத்தில் எடுத்து ஆறவிடுங்கள். உள்ளிருக்கும் ஈரம் மெல்ல ஓட்டுப் பக்கம் வரும். தின்பதற்குச் சற்று முன் மறுபடி ஒரு நிமிடம் சூடான எண்ணெயில் போட்டால் அந்த ஈரமும் போய்விடும். ஏற்கெனவே நமுத்த வடையாக இருந்தால் வெறும் தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் இரு பக்கமும் வாட்டலாம். மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். அது உள்ளிருக்கும் தண்ணீரைச் சூடாக்கி ஓட்டை இன்னும் நனைத்துவிடும்.

லயன் வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவோடு ஒட்டிய சின்ன அடுப்படியில், பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில்தான் எண்ணெய் கொதிக்கிறது. கூரைத் தகரம் ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே அடுப்பு இருக்கக் கூடாது. ஒரு துளி மழைத்தண்ணீர் சூடான எண்ணெயில் விழுந்தால் கண நேரத்தில் ஆவியாகி, பல நூறு மடங்கு பெருத்து, எண்ணெயை முகத்தில் அடிக்கும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. விறகை இழுத்துவிட்டுச் சட்டியைத் தட்டையான மூடியால் மூடுங்கள்.

எண்ணெயும் காகிதமும்

வீட்டில் செய்யச் சொல்வதற்கு முக்கியமான காரணம் எண்ணெய். திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் உடைந்து புதிய சேர்மங்கள் உருவாகின்றன. அவற்றின் மொத்த அளவு 25 வீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை வகுத்த விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைகளைப் பார்வையிடுகிறார்கள். ஆனால் ஓடும் பெட்டியில் ஏறி இறங்கும் கூடைக்குள் இருக்கும் வடை எத்தனையாவது தடவைச் சூட்டில் பொரிந்தது என்பதை யார் அளப்பது?

இதைச் சொல்லும்போது விற்கிறவர்கள் மீது பழி போடுவது இலகு. அது நியாயமாக இருக்காது. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் நச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தது. அடுத்த மாதமே பாம் எண்ணெய் இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. இத்தனைக்கும் இடையில் வடையை மக்கள் வாங்கும் விலையில் வைத்திருக்க வேண்டியவர் அந்த வியாபாரி. எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது அவருக்கு அன்றைய இலாபத்தைக் கொட்டுவது.

வீட்டில் என்ன செய்யலாம்? தேவையான அளவு மட்டும் ஊற்றுங்கள். சின்னச் சட்டி நல்லது. ஆறியதும் துணியில் வடிகட்டி, இருட்டில் மூடி வைத்து, சில நாட்களுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். பழைய எண்ணெயோடு புதியதைச் சேர்த்து நிரப்ப வேண்டாம். நுரை கட்டினால், பிசுபிசுத்தால், வழமையைவிடச் சீக்கிரம் புகைந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. அதைக் கானில் ஊற்றவும் வேண்டாம். தோட்டத்துக் கான்கள் ஓடையில் போய்ச் சேரும். அந்த ஓடை கீழே இருக்கும் லயத்துக்குக் குடிதண்ணீராக இருக்கலாம்.

அடுத்தது காகிதம். புகையிரத வடையைப் பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பித் தாளிலும் பரீட்சைத் தாளிலும் சுற்றித் தருவார்கள். யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு விடையை வாசித்துக்கொண்டே வடை தின்னாத பயணி குறைவு. இனிமையான காட்சிதான், ஆனால் சூடான எண்ணெய் மையைக் கரைக்கும். பத்திரிகைத் தாளில் உணவைப் பொதி செய்யக் கூடாது என்று இந்தியாவில் 2016இலேயே அறிவுறுத்தல் வந்துவிட்டது. மலையகத்திலும் வாழை இலை கிடைக்கும் இடங்கள் உண்டு; நெருப்பில் வாட்டினால் அது கிழியாது.

தட்டில் இருக்கும் புரதம்

வடையைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். 2016இன் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப் பகுதியில் மட்டும் அது 31.7 வீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. இதற்குக் காரணம் ஒன்றல்ல: தாயின் உடல்நிலை, குடிதண்ணீர், மலசலகூடம், வீடு, சம்பளம். நாட்சம்பளம் 1,000 ரூபாவாகும்படி 2021 வரை போராட வேண்டியிருந்தது; 2024இல்தான் 1,350 ஆனது. வயிற்றை மலிவாக நிரப்ப வேண்டிய வீட்டில் கோதுமை மா ரொட்டியே முதலிடம் பிடிக்கிறது. பிள்ளைகள் கேட்கும் 'மொறுமொறு' பக்கற்றில் வருகிறது. அதில் பெரும்பாலும் மாவும் உப்பும் எண்ணெயும்தான்.

கடலைப் பருப்பில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. மேலே சொன்ன 20 வடைகளில் மொத்தம் 50 கிராம், வடை ஒன்றுக்கு இரண்டரை கிராம். நான்கு வடை தின்னும் பிள்ளைக்கு 10 கிராம் புரதம். சோற்றோடும் ரொட்டியோடும் சேரும்போது தானியத்தில் குறைவாக உள்ள புரதக் கூறுகளைப் பருப்பு ஈடுசெய்யும். ஒரு கைப்பிடி முருங்கையிலையையோ வல்லாரையையோ அரிந்து சேர்த்தால் இன்னும் நல்லது. கீரையைக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகு சேருங்கள், இல்லாவிட்டால் தண்ணீர்க் கணக்குப் பிழைத்துவிடும்.

பொரித்தது பொரித்ததுதான். தினமும் தின்பதற்கு இது ஏற்றதல்ல. கிழமைக்கு ஒரு நாள் போதும். மற்ற நாட்களுக்கு இதே மாவுக்கு இன்னொரு வடிவம் உண்டு. இட்டலித் தட்டில் ஆவியில் அவித்து, உதிர்த்து, கடுகு தாளித்து, போஞ்சி அல்லது கோவாவோடு பிரட்டினால் உசிலி. எண்ணெய் இரண்டு கரண்டிதான். மொறுமொறுப்பு இருக்காது, சத்து அப்படியே இருக்கும்.

தேயிலை நாட்டில் சொல்லத் தயக்கமான ஒன்றும் உண்டு. வடைக்கு ஏற்ற துணை சாயம் கூடிய பிளேன்டீ என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரத்தச்சோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது. வடையோடு தேசிக்காய் பிழிந்த சம்பலோ பச்சை வெங்காயமும் தேசிக்காய்ப் புளியுமோ இருந்தால் நேர்மாறாக இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

றொசல்ல அக்காவிடம் தேநீர் விஷயத்தைச் சொன்னபோது சிரித்தார். "நாங்க பறிக்கிற கொழுந்தே எங்க ரத்தத்த உறிஞ்சுதுன்னு சொல்றீங்க" என்றார். அதற்குப் பிறகும் எனக்கு ஒரு கோப்பை ஊற்றித்தான் கொடுத்தார். பிள்ளைகளுக்கு ஊற்றவில்லை, அவர்களுக்கு வடையோடு தேசிக்காய்த் தண்ணீர் வைத்தார்.

தோட்டத்துப் பிள்ளைகளின் உயரத்தைச் சம்பளமும் வீடும் தண்ணீரும்தான் பெரும்பகுதி தீர்மானிக்கின்றன. அதை வடையால் ஈடுகட்ட முடியாது. ஆனால் 250 கிராம் பருப்பை எப்போது ஊறப் போடுவது, எப்போது வடிப்பது, எந்த எண்ணெயில் போடுவது என்பது இன்று மாலையே நம் கையில் இருக்கிறது. மழை விட்டபிறகு சுடலாம் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். இந்தப் பக்கம் மழை அவ்வளவு சீக்கிரம் விடாது.